கெதியும் ஆறுதலும்: ஒரு கிளிப்பின் வேகத்துக்குள் இருக்கும் வரலாறு

வீடியோ எடிட் பண்ணுகிற யாரைக் கேட்டாலும் இந்த மூன்று முறைப்பாட்டில் ஒன்றாவது வரும். "ஸ்லோ மோஷன் வெட்டி வெட்டி ஓடுது." "கெதியா ஓட விட்டா குரல் கீச்சுக் கீச்செண்டு கேக்குது." "தொடக்கத்தில சரியாத்தான் இருந்த, பத்து நிமிசத்தால சத்தம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்." மறுகா என்ன, சொப்ட்வெயாரை ஏசுவோம். அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோம். யூடியூப்பில் யாரோ ஒருவர் சொல்வதைப் பார்த்து ஏதாவது ஒரு பட்டனை அமத்துவோம். சில நேரம் சரிவரும். ஏன் சரிவந்தது என்று தெரியாது.

வரலாறு படிக்கிற எனக்கு இதில் பிடித்த விஷயம், இவற்றில் பெரும்பாலானவை சொப்ட்வெயாரின் பிழையே இல்லை என்பதுதான். 16, 24, 25, 29.97, 30 என்று நாம் பார்க்கிற ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு நாட்டில், வேறு வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவுகள் நமது டைம்லைனில் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. கிளிப் துள்ளுவது அந்த முட்டல்தான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஆரையம்பதியிலும் தாழங்குடா, கிரான்குளம் பக்கத்திலும், வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரையிலும் வீடுகளில் பழைய கசெட்டுகள் கிடக்கின்றன. கூத்து அரங்கேற்றம், கண்ணகை அம்மன் சடங்கில் பாடிய குளிர்த்தி, வழக்குரை, இறந்துபோன அண்ணாவிமாரின் குரல். இப்போது பிள்ளைகள் அவற்றை எடுத்து கொம்பியூட்டரில் ஏற்றி இணையத்தில் போடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் அதில் கொஞ்சம் பிழையான வேகத்தில் ஏறியிருக்கிறது. அதைக் கேட்டு ஒருவர் தாளம் பழகினால், அவர் பழகுவது அந்த அண்ணாவியாரின் தாளம் அல்ல.

கையால் சுற்றிய காலத்திலிருந்து தொடங்குவோம்.

1895இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் படம் காட்டியபோது கமெராவுக்கு மோட்டார் இல்லை. கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 பிரேம். செக்கனுக்கு இரண்டு சுற்று என்றால் 16 பிரேம். இந்த 16 ஒரு சட்டம் அல்ல, கையின் பழக்கம். வெயில் ஏறினால், களைத்துப்போனால், காட்சி பரபரப்பானால் கை மாறும். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகச் சொல்லப்படும் 'கீசக வதம்' படத்தை 1910களின் பிற்பாதியில் எடுத்த ஆர். நடராஜ முதலியாரும் கையால் சுற்றுகிற வில்லியம்சன் கமெராவைத்தான் பாவித்தார். அவருடைய படம் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் அதை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது தனிச் சண்டையாக இருந்திருக்கும். ஏனென்றால் காட்டுகிறவரின் கையும் வேறு. அடுத்த காட்சிக்குச் சனம் வெளியே நின்றால் தியேட்டர்காரர் கொஞ்சம் கெதியாகச் சுற்றிவிடுவது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த கதை.

ஒலி வந்த பிறகு இந்தச் சுதந்திரம் போனது. படம் கொஞ்சம் கெதியாக ஓடினால் கண் மன்னிக்கும், காது மன்னிக்காது. 1926இல் அமெரிக்காவில் வைட்டாஃபோன் முறை வந்தபோது, அன்றைய நல்ல தியேட்டர்கள் ஓட்டிக்கொண்டிருந்த வேகத்துக்குக் கிட்டவாக 24 என்று கட்டிவைத்தார்கள். 1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ் பேசத் தொடங்கிய சினிமாவும் அதே 24க்குள்தான் வந்தது.

இதன் பக்க விளைவு நம் எல்லோருக்கும் தெரியும். 16இல் எடுத்த பழைய படத்தை 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு கெதியாகும். ஊமைப்படக் காலத்து மனிதர்கள் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடுகிறவர்கள் என்று நாம் நினைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். (மீதிப் பாதி, பகிடிக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தது. நமது சினிமாவின் சண்டைக் காட்சிகளிலும் 24க்குக் குறைவாக எடுத்து 24இல் ஓட்டுகிற உத்தி நெடுங்காலம் இருந்தது.) இதைத் திருத்த லாப்காரர் ஒரு வழி கண்டார்கள்: ஒவ்வொரு இரண்டாவது பிரேமையும் இரண்டு தடவை அச்சடிப்பது. 16 பிரேம் 24 ஆகிவிடும், மனிதர் சாதாரணமாக நடப்பார், ஆனால் நடை கொஞ்சம் விக்கும்.

இப்போது பிரீமியரில் ஒரு கிளிப்பை மெதுவாக்கிவிட்டு, ஸ்பீட்/டியூரேஷன் பெட்டியில் 'ஃபிரேம் சாம்ப்ளிங்' என்று இருப்பதைப் பாருங்கள். அது செய்வதும் இதேதான். 25 பிரேமில் எடுத்த கிளிப்பை 50 வீதத்துக்கு இறக்கினால் செக்கனுக்குப் பன்னிரண்டரைப் படம்தான் கையில் இருக்கிறது. மிச்சத்துக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டும். 20 வீதத்துக்கு இறக்கினால் ஒரு செக்கனுக்கு ஐந்து படம். வெட்டி வெட்டி ஓடாமல் என்ன செய்யும்? அங்கே இல்லாத பிரேமைச் சொப்ட்வெயாரிடம் கேட்பது, கடையில் இல்லாத சாமானுக்குக் கடைக்காரரோடு சண்டை பிடிப்பது மாதிரி. மருந்து எடிட்டிங்கில் இல்லை, எடுக்கும்போதே இருக்கிறது: 50இலோ 60இலோ எடுங்கள். 50இல் எடுத்ததை 25 டைம்லைனில் சரியாக 50 வீதத்துக்கும், 60இல் எடுத்ததை 24 டைம்லைனில் சரியாக 40 வீதத்துக்கும் இறக்கலாம். ஒரு பிரேமும் திரும்பாது. அல்லது கிளிப்பின் மேல் ரைட் கிளிக் பண்ணி 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' போய் இதை 24 என்று எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். கணக்கே தேவையில்லை.

24க்குப் பிறகு 25 ஏன் வந்தது? இதற்குக் காரணம் சினிமா அல்ல, கரண்ட்.

தொடக்ககாலத் தொலைக்காட்சியில் படத்தின் வேகமும் மின்சாரத்தின் துடிப்பும் பொருந்தாவிட்டால் திரையில் கருப்புப் பட்டி ஊரும். ஆகவே 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இருந்த பிரித்தானியாவில் 1936இல் பிபிசி 25 என்று வைத்தது, 60 ஹேர்ட்ஸ் இருந்த அமெரிக்காவில் 30. 1953இல் அமெரிக்காவில் கலர் வந்தபோது கலர் சிக்னலும் ஒலிச் சிக்னலும் ஒன்றையொன்று குழப்பாமலிருக்க 30ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதுதான் அந்த அவலட்சணமான 29.97. இலங்கையின் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். 1979இல் ஐ.ரி.என். தொடங்கியபோதும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தபோதும் பால் முறை, 25 பிரேம். ரூபவாஹினியைக் கட்டித் தந்தது ஜப்பான். அந்த ஜப்பானே 29.97 நாடு என்பது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

இதன் விளைவு ஒன்று நமது காதுக்குள்ளேயே இருக்கிறது. 24இல் எடுத்த சினிமாவை 25இல் ஓடுகிற ரிவியில் எப்படிக் காட்டுவது? சும்மா 25இல் ஓட்டிவிட்டார்கள். 160 நிமிடப் படம் 153 நிமிடம் 36 செக்கனில் முடிந்துவிடும். ஆறரை நிமிடம் போனது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கூடவே சுருதியும் 4 வீதத்துக்கு மேல் ஏறியது. பன்னிரண்டு சுரத்தானக் கணக்கில் ஒரு தானத்தின் கிட்டத்தட்ட முக்கால்வாசி. பால் ரிவியிலும் வீடியோ கசெட்டிலும் படம் பார்த்து வளர்ந்த எங்கள் அம்மா அப்பா தலைமுறை, அப்படி ஓட்டிய படங்களின் பாட்டுகளை இசையமைப்பாளர் ஒலிப்பதிவு செய்த சுருதியில் கேட்கவில்லை.

இங்கே விபுலாநந்த அடிகளைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படிப்பித்து, துறவியாகி, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்ட மனிதர். சுருதி என்பது உணர்ச்சி மட்டுமல்ல, அது எண்ணும் விகிதமும் என்ற பிடிவாதம் அந்த நூலில் இருக்கிறது. இன்று சுருதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தருகிற விகிதங்களில் 25/24 என்பதும் ஒன்று. இசைக்காரர் ஒரு நுண்ணிய இடைவெளியாக எண்ணுகிற விகிதமும், சினிமாவிலிருந்து ரிவிக்குப் போகும்போது நாம் கவனிக்காமல் விட்ட விகிதமும் ஒன்றாகவே இருப்பது தற்செயல்தான். ஆனாலும் கல்லடியில் அவர் பெயரில் இருக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பக்கமாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

போன் வந்த பிறகு முட்டல் இன்னும் கூடியது. 50 ஹேர்ட்ஸ் நாட்டில் இருந்துகொண்டு நாம் பாவிக்கிற போன் பெரும்பாலும் 30இல் எடுக்கிறது. அமெரிக்கக் கரண்டின் எண் நமது பொக்கெட்டுக்குள். அந்தக் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் ஆறு பிரேமுக்கு ஒன்றை எறிந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கிற ஷொட்டில் தெரியாது. கந்தசுவாமி கோயில் வீதியில் சுவாமி வருவதைக் கமெராவைத் திருப்பித் திருப்பி எடுத்திருந்தால் சுவாமியும் பந்தமும் துள்ளுவது வடிவாகத் தெரியும். யூடியூப்புக்கு மட்டும் போகிற வீடியோ என்றால் 25ஐக் கட்டிப்பிடிக்க ஒரு தேவையும் இல்லை, டைம்லைனை 30 ஆக்குங்கள். இன்னொன்று, நமது லைட் செக்கனுக்கு 100 தடவை மின்னுகிறது. டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்ததில் பட்டி ஊர்ந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றுங்கள். அதே லைட்டில் 120 பிரேமில் ஸ்லோ மோஷன் எடுத்துவிட்டு மினுங்குதே என்று எடிட்டிங்கில் அழுது பிரயோசனமில்லை.

சத்தமும் வாயும் போகப்போக விலகுகிறது என்றால் அது வேறு நோய். போன் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடானால் பிரேமைக் குறைத்துக்கொள்ளும். கையால் சுற்றிய கமெராக்காரர் போனுக்குள் திரும்ப வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் கிளிப்பைத் திறந்தால் 'வேரியபிள்' என்று காட்டும். ஹேண்ட்பிரேக்கில் போட்டு 'கொன்ஸ்டன்ட்' ஆக்கிவிட்டு எடிட் பண்ணுங்கள். பாதி எடிட் முடிந்த பிறகு சத்தத்தை இழுத்து இழுத்துப் பொருத்துவது வேலையைக் கூட்டும், வருத்தம் தீராது.

இனி கசெட். எனக்கு முக்கியமானது இதுதான்.

ஓடியோ கசெட் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். கரண்ட் இல்லாத யுத்தகால இரவுகளில், பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில், களரியின் ஓரத்தில் வைத்த ரேப் ரெக்கோடர் பற்றரியில் ஓடியது. பற்றரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும், நாடா கொஞ்சமாக நகரும். அதை இன்று நல்ல வேகத்தில் போட்டுக் கேட்டால் எதிர்மாறாக வரும்: ஆட்டம் கெதியாகும், குரல் ஏறும். கூத்து விடிய விடிய நடப்பது. வரவுப் பாட்டு சரியாக இருக்கும்; விடியப்புறம் அரசன் சாகிற இடத்தில் அண்ணாவியார் சின்னப்பிள்ளைக் குரலில் பாடுவார். ரெக்கோடரின் பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதை.

இதைக் கையாளும்போது நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்று, ஸ்பீடைக் குறைத்துவிட்டு 'மெயின்டெயின் ஓடியோ பிட்ச்' என்ற பெட்டியில் சரி போடுவது. பார்த்தால் அக்கறையான வேலை மாதிரி இருக்கும். அந்தப் பெட்டி எதற்கு வந்தது என்று தெரிந்தால் போடமாட்டீர்கள். 1966இல் பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளானகன், கோல்டன் என்ற இருவர் ஃபேஸ் வொக்கோடர் என்ற முறையை விளக்கினார்கள். தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. அதைக் கொண்டு வேகத்தையும் சுருதியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கலாம். பிறகு வந்த முறைகளுக்கும் நோக்கம் அதுதான். கசெட்டில் வேகமும் சுருதியும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன. சேர்ந்து கெட்டது சேர்ந்துதான் திரும்ப வேண்டும். பெட்டியில் சரி போட்டால் தாளம் சரியாகிவிடும், குரல் பிழையான இடத்திலேயே நிற்கும். அதோடு சொப்ட்வெயாரின் தகரச் சத்தம் வேறு.

சரி, எவ்வளவு குறைப்பது? காதால் பிடிக்கலாம். ஆனால் நம் காது பழகினதைச் சரி என்று சொல்லிவிடும். ஒரு சாட்சி கசெட்டுக்குள்ளேயே இருக்கலாம். கரண்டில் இயங்கிய மைக், அம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில் பதிவானதென்றால் பின்னணியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். அது நமது 50 ஹேர்ட்ஸ். ஓடாசிட்டியில் பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தெரிந்து 'ப்ளொட் ஸ்பெக்ட்ரம்' போட்டு, சைஸை 65536 ஆக்கிப் பாருங்கள். மேடு 50இலும் 100இலும் நிற்க வேண்டும். 53இலும் 106இலும் நின்றால் கசெட் 6 வீதம் கெதியாக ஓடுகிறது. திருத்தம் 94 வீதம் அல்ல. 50ஐ 53ஆல் பிரித்து வருகிற 94.34. ஒரு மணித்தியாலப் பதிவில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 14 செக்கன். பள்ளிக்கூடத்தில் வெறுத்த வீதக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

பிரித்தானியன் காலத்தில் வந்த கரண்டின் துடிப்பு, ஒரு கூத்துப் பாட்டின் சரியான வேகத்துக்குச் சாட்சி சொல்வது அழகுதான். ஆனால் எல்லாக் கசெட்டிலும் அது கிடைக்காது. ஜெனரேட்டரில் லைட் எரிந்திருந்தால் இரைச்சல் இருக்கும், நம்ப முடியாது. சுமை ஏறினால் ஜெனரேட்டர் இளைக்கும். பற்றரியும் பெற்றோமாக்ஸும் என்றால் இரைச்சலே இல்லை. அந்த இடத்தில் மிச்சம் இருப்பது அந்தக் குரலை நேரில் கேட்ட ஆட்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். 96, 94, 92 என்று மூன்றாகப் போட்டுக் காட்டினால், எது என்று வயதானவர்கள் சட்டென்று கையைக் காட்டிவிடுகிறார்கள். பற்றரி இறங்கிக்கொண்டே போன பதிவுக்கு ஒரே வீதம் சரிவராது. பிரீமியரின் டைம் ரீமேப்பிங் இதற்கு உதவாது, அது படத்தை மட்டும்தான் மாற்றும், சத்தத்தைத் தொடாது. ஓடாசிட்டியின் 'டைம் ட்ராக்'கில் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு கூத்து வீடியோ இருந்தது. டவுனில் ஓரிடத்தில் கொடுத்து டிவிடி ஆக்கினோம். கசெட் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது, டிவிடி 57 நிமிடம். எதை வெட்டினார்கள் என்று தேடினால் ஒன்றும் வெட்டவில்லை, முழுவதும் கெதியாக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

வீடியோவில் ஆட்டத்தை மெதுவாக்கிப் படிக்க நினைக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 'ஒப்டிகல் ஃப்ளோ'. 1981இல் ஹோர்ன், ஷுங் என்ற இருவர் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்கிறது என்று கணிக்க ஒரு கணக்குத் தந்தார்கள். அந்த வழியில் வந்த சொப்ட்வெயார் இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமைத் தானே வரைகிறது. பீற்றர் ஜாக்சன் 2018இல் முதலாம் உலகப் போரின் பழைய படச்சுருள்களை, 10இலிருந்து 18 வரை கண்டபடி சுற்றி எடுத்தவற்றை, 24க்குக் கொண்டுவந்ததும் இப்படிப் பிரேம் வரைந்துதான். தண்ணீர், மேகம், நடக்கிற மனிதர் என்றால் நன்றாக வரும். வடமோடி ஆட்டக்காரர் கரப்புடுப்போடு சுழன்று, கால் குறுக்கே போய்ச் சதங்கை ஒலிக்கிற இடத்தில் கால் ஜெலி மாதிரி உருகும். உருகினால் பரவாயில்லை, தெரியும். சில இடத்தில் உருகாது. ஆட்டக்காரர் வைக்காத ஒரு அடியை வடிவாக வரைந்து வைத்துவிடும். கலியாண வீடியோவுக்கு ஒப்டிகல் ஃப்ளோ தாராளமாகப் போடுங்கள். ஆட்டம் படிக்கிற வீடியோவுக்கு ஃபிரேம் சாம்ப்ளிங்தான். வெட்டி வெட்டி ஓடட்டும். ஓடுகிறது எல்லாம் உண்மையாக நடந்தது.

கூத்தின் நேரத்தில் கை வைத்தது நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று மேடையேற்றியபோது விடிய விடிய ஆடுகிற கூத்தை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார். மட்டக்களப்புக் கூத்து பல்கலைக்கழக மேடைக்கு ஏறியது அப்படித்தான், சி. மௌனகுரு இராவணனாக ஆடியதை இன்றும் சொல்வார்கள். அது சரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை, ஊரிலேயே களரியில் வைத்து மீளுருவாக்க வேண்டும் என்பவர்கள் அதற்கு எதிராக நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் அந்த வாதத்தையே நடத்த முடிவது ஏன்? அவர் செய்தது வெட்டு. கூத்துக் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எந்த விருத்தம் போனது, எந்த வரவு குறைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். வேகத்தை மாற்றினால் கொப்பியில் ஒரு சொல்லும் குறையாது. எல்லாப் பாட்டும் இருக்கும், எல்லா ஆட்டமும் இருக்கும், அண்ணாவியாரின் கைதான் இருக்காது. யாரும் வாதம் பண்ணவும் மாட்டார்கள்.

அதனால் கசெட்டிலிருந்து ஏற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் ஏற்றியதை, எவ்வளவு பிழையாக இருந்தாலும், தொடாமல் ஒரு பக்கம் வையுங்கள். திருத்தியதை வேறு ஃபைலாக எடுங்கள். யூடியூப்பில் போடும்போது 'லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க' என்பதற்கு மேலே ஒரு வரி எழுதுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, பற்றரியா கரண்டா, இரைச்சல் எத்தனையில் நின்றது, எத்தனை வீதத்துக்கு மாற்றினீர்கள், சுருதிப் பெட்டியில் சரி போட்டீர்களா இல்லையா. கரண்ட், 53, 94.34, இல்லை. இவ்வளவு எழுதினால் போதும்.